கணினிக்கு நான் சொன்ன உண்மை

எனக்கு நாச்சம்மாளைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தூர்ப் பக்கத்து வால்வு ஆலையில் கேஜ் முதலான அளவுக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் என் பொறுப்பு. ஒருநாள் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம், "ரஸியா குடுக்கற கேஜு தேஞ்சு போச்சுங்க. அவங்களுக்கு அது கண்ணுக்குத் தெரியறதில்லீங்க" என்றாள். கேஜ் தேய்ந்துதான் இருந்தது. அதற்காக என் மானத்தை வாங்குவதா?

எருத்தேன்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பத்தொன்பது வருடமாக வால்வின் உள்துளையைப் பரிசோதிப்பது அவள்தான். கேஜை விட்டுப் பார்த்தபின் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். விரலில் உலோகப் பிசிறு தட்டினால் தூக்கி ஓரம் வைத்துவிடுவாள், எவன் கெஞ்சினாலும் நடக்காது. திமிர் பிடித்தவள். ஆனால் அவள் பார்த்து அனுப்பிய வால்வு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

படிப்பு எட்டாம் வகுப்பு. அதனால் பரிசோதனைத் தாளில் கையெழுத்து மட்டும் பாண்டியுடையது. பரிசோதகருக்கான சான்றிதழ் அவனிடம்தான் இருந்தது. அந்த மகராசன் காலையிலேயே நூறு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் தப்பென்று நினைக்கவில்லை.

இந்த வருடம் ஆலையைக் கணினிமயமாக்கச் சூரியநெல்லிக்காரன் ஜின்சன் லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். எந்த மெஷின் எந்த வேலை செய்யும், எந்த அளவுக்கு எந்த கேஜ், அதைத் தொட யாருக்குத் தகுதி என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கணினிக்குச் சொல்லிவைப்பானாம். ஆர்டர் வந்தால் ஆளையும் கருவியையும் அதுவே ஒதுக்குமாம். ஆன்டாலஜி என்று பெயர். அது முதலில் செய்த காரியம், துளைப் பரிசோதனையைப் பாண்டிக்குக் கொடுத்து நாச்சம்மாளைப் பேக்கிங்குக்குத் தள்ளியதுதான்.

மூன்று வாரத்தில் நாற்பது வால்வு பிசிறோடு திரும்பி வந்தன. ஜின்சன் என் கவுண்டருக்கு ஓடிவந்தான்.

"அக்கா, முன்னாடி இந்த கேஜ யாரு வாங்கிட்டுப் போவா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிடிக்காதவள்தான், ஆனாலும் அவள் அட்டைப்பெட்டி ஒட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ரெஜிஸ்டர்களை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"எல்லாம் நாச்சம்மாதான். பாண்டி இந்தப் பக்கமே வந்ததில்ல. உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லு."

சொன்னான். சான்றிதழ் உள்ளவர் பார்த்தால்தான் பரிசோதனை செல்லும் என்ற விதியும் ஏற்கெனவே அதற்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அது ஒரே முடிவுக்கு வந்தது: இத்தனை வருடம் போன எந்த வால்வும் பரிசோதிக்கப்படவே இல்லை. திரை முழுக்கச் சிவப்பு.

"இத இப்ப அழிக்க முடியாதுக்கா. மேனேஜ்மென்ட் பாத்துட்டாங்க" என்றான் ஜின்சன்.

மறுநாள், சான்றிதழ் இல்லாமல் பரிசோதனை செய்தாள் என்று நாச்சம்மாளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. பாண்டிக்கு எச்சரிக்கை மட்டும். சான்றிதழ்காரன் ஆலைக்கு வேண்டுமே. அந்த நாய் அன்றைக்கும் டீ குடிக்கப் போனான்.

நாச்சம்மாள் நேராக என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க, பேக்கிங்குல பொட்டி ஒட்டிட்டாவது இருந்திருப்பனுங்க. எனக்காகச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட நான் கேட்டனுங்களா?"

ஜின்சன்தான் கேட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே பேக்கிங் அறை. ரெஜிஸ்டரை எடுக்கும் முன் பத்தடி நடந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நான் கேட்கவில்லை.