உலகம்மாளின் இரும்புச் சக்களத்தி

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை வைத்திருந்த உலகம்மாளுக்கு ஒரு சக்களத்தி உண்டு. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முழுக்க இரும்பு. ஒற்றைப் புகைபோக்கி, முன்னும் பின்னும் பீரங்கி. சண்டைக் காலத்தில் கட்டிய நாசகாரிக் கப்பல் அது. வெள்ளைக்காரன் அதற்கு ஒரு பெயர் வைத்தான், சுதந்திரத்துக்குப் பிறகு நம்முடைய சர்க்கார் அதை வாங்கி இன்னொரு பெயர் வைத்தது. உலகம்மாள் இரண்டையும் வாயால் சொன்னதில்லை. அவளுக்கு அது சக்களத்தி, அவ்வளவுதான்.

அவள் புருஷன் வீரபாகு தென்காசிக்காரன். அந்தக் கப்பலில் ஸ்டோக்கராக இருந்தான். கொதிகலனுக்கு எண்ணெய் விட்டுத் தீயைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணம் முடிந்து இரண்டு லீவுதான் ஊருக்கு வந்தான். ஐம்பத்தொன்றாம் வருஷம் நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் வெடித்து, கொதிகலன் அறைக்குள்ளேயே வெந்து செத்தான். கடற்படையிலிருந்து வந்தவர்கள் ஒரு மாலையும், கண்ணாடி போட்ட கப்பல் படமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொழுப்பைப் பாருங்கள், கொன்றவள் படத்தைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையிலேயே கொடுக்கிறான்! உலகம்மாள் அன்றைக்கே அதை அடுப்பில் வைத்தாள்.

"இரும்புக்கு என்னட்டி தெரியும்? விதி வந்துட்டு, போயிட்டான்" என்று சொந்தக்காரர்கள் தேற்றினார்கள்.

"ஒண்ணும் தெரியாதோ? அவுகளை உள்ள வச்சு மூடத் தெரிஞ்சுதுல்லா?" என்றாள் உலகம்மாள்.

மூடிய கதையை அவளுக்குச் சொன்னவன் கீழப்பாவூர் ஏசுவடியான். வீரபாகுவோடு அதே கப்பலில், அதே கொதிகலன் அறையில் வேலை பார்த்தவன். கொதிகலன் அறைக்கு இறங்குகிற வழி மேல்தளத்தில் ஒரு ஓட்டை. அதற்குக் கனத்த இரும்பு மூடி. தீப்பிடித்ததும் ஏசுவடியான் ஏணியில் ஏறி வெளியே வந்துவிட்டான். வீரபாகு பின்னால் ஏறி வருவதற்குள் கப்பல் ஒரு புரட்டுப் புரண்டது, மூடி தானாக விழுந்தது, சூட்டில் இறுகிக்கொண்டது. ஏசுவடியான் வெறுங்கையால் அதைத் தூக்கப் பார்த்துத்தான் வலது உள்ளங்கை வெந்துபோனது. இதுதான் கதை. அந்தக் கையில் ரேகையே கிடையாது, வழவழவென்று இருக்கும். கதை கேட்ட அன்று உலகம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குளிர்ந்தால் தோல் இழுக்கிறது என்று அவன் சொன்னதும், கடையிலிருந்த நல்ல எண்ணெயை எடுத்து அவளே தடவி விட்டாள்.

அதற்குப் பிறகு சீசன் தவறாமல் ஏசுவடியான் வந்தான். வந்தால் பேச்செல்லாம் கப்பலைப் பற்றித்தான். என்ன இருந்தாலும் அதில் உப்புத் தின்றவன். பெருமையை மறைக்கத் தெரியாது. சண்டையில் வெள்ளைக்காரன் அதை அவசர அவசரமாகக் கட்டினானாம். பனி உறைந்த கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனதாம். பீரங்கிமேல் கட்டிய பனியைக் கோடாலியால் கொத்துவார்களாம். ஒரு நீர்மூழ்கியைக் குண்டு போட்டு மூழ்கடித்ததாம். முழுகிப்போன கப்பல்களின் ஆட்களை எண்ணெய் வடிய வடியத் தூக்கிப் போட்டுக்கொண்டு கரை சேர்த்ததாம்.

"ஊராரை எல்லாம் தூக்கத் தெரிஞ்சவளுக்கு எங்க வீட்டு ஆளைத் தூக்கத் தெரியலையாக்கும்" என்பாள் உலகம்மாள். "அவ கூடப் பிறந்தவளுக என்ன ஆனாளுக அண்ணாச்சி?"

"கூடக் கட்டுன கப்பல்ல ஒண்ணு சண்டையிலேயே ரெண்டாப் பொளந்து முழுகிட்டு மதினி. ஒண்ணை வெள்ளைக்காரனே குறி பார்த்துச் சுட்டுப் பழகி முக்கிட்டான். ஒண்ணு வேற நாட்டுக்கு வித்துப்போச்சு."

"இவ எப்பச் சாவா?"

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்விதான். ஒரு வருஷம், கப்பல் இப்போது பயிற்சிப் பையன்களை ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றுகிறது என்றான். "கிழவி ஆயிட்டா" என்று சிரித்தாள். அடுத்து, பீரங்கியைக் கழற்றிவிட்டார்கள் என்றான். "பல்லைப் பிடுங்கிட்டானுவ." பம்பாயில் ஒரு மூலையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள், எலி ஓடுகிறது என்றபோது, அன்றைக்கு வந்த தடவுகாரர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தாள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற அந்த ஆட்கள்தான் அவளுடைய வாடிக்கை. எதற்குக் காப்பி என்று அவர்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் அந்தப் பகை தெரியாத ஆள் இல்லை. மறுகல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. "அவ சாகட்டும், பொறவு பாப்போம்" என்று அனுப்பிவிட்டாள். இப்படியே வயது போயிற்று.

கடற்படையை விட்டு வந்த ஏசுவடியானுக்குப் பம்பாயில் பழைய கப்பல் உடைக்கிற காண்டிராக்டரிடம் மேஸ்திரி வேலை கிடைத்திருந்தது. அறுபத்து நான்காம் வருஷம் சாரல் தொடங்கிய நேரம், அவன் கடைக்கு வந்து உட்காராமலே சொன்னான்.

"மதினி, அதை வித்துட்டாவ. எங்க காண்டிராக்டர்தான் எடுத்திருக்காரு. கேஸ் வச்சு வெட்டுதோம்."

உலகம்மாள் எண்ணெய் அளக்கிற உழக்கைக் கீழே வைத்தாள். கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கிவந்து, தெரிந்தவன் தெரியாதவன் என்று பார்க்காமல் கையில் திணித்தாள். பிறகு ஏசுவடியானிடம் வந்து, "எனக்கு அந்த மூடி வேணும்" என்றாள்.

"எந்த மூடி?"

"அவுகளை மூடுன மூடி. கடை வாசல்ல போட்டு நித்தம் மிதிக்கணும் நான்."

ஏசுவடியானுக்கு முகம் வெளுத்தது. கனம் ஜாஸ்தி, ரயிலில் ஏற்ற மாட்டார்கள், காண்டிராக்டர் தர மாட்டார் என்று என்னென்னவோ சொன்னான். அவள் விடுகிற ஆளா? இத்தனை வருஷத்தில் உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா என்றாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

சீசன் முடிவதற்குள் மூடி வந்துவிட்டது. பம்பாயிலிருந்து சரக்கு ரயிலில் தென்காசி ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து மாட்டு வண்டியில் குற்றாலத்துக்கு. ஏசுவடியானும் கூடவே வந்தான். சட்டத்தோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார்கள். தடவுகாரர்கள் நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். உலகம்மாள் காறித் துப்பினாள். காலை ஓங்கி மிதித்தாள். மறுபடி மிதித்தாள்.

தடவுகாரரில் குத்தாலிங்கம் என்று ஒருவன், எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதவன். மூடியைத் தூக்கிப் பார்த்தான். மூடி கனத்தாலும் ஸ்பிரிங் இருந்ததால் லேசாக எழுந்து நிமிர்ந்து நின்றது.

"இது என்ன அண்ணாச்சி, கொக்கி?"

"மூடி தொறந்து நிக்கதுக்கு" என்றான் ஏசுவடியான்.

"கப்பல் ஆடுனா டப்புனு விழுந்துராதோ?"

இருபது வருஷம் கப்பலிலேயே கிடந்தவனிடம் யாராவது இப்படிக் கேட்கலாமா? தொழில்காரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படிலே விழும்? அலை எப்படிப் புரட்டினாலும் இந்தக் கொக்கி விடாது. கையால எடுத்தாத்தான் உண்டு. விழுந்தாலும் கீழ இருந்து சின்னப் புள்ள தள்ளுனாத் தொறந்துக்கிடும், ஸ்பிரிங் இருக்குல்லா? மேல இருந்து இந்த நட்டை எல்லாம் முறுக்குனாத்தான்…"

அங்கேயே நின்றுவிட்டான். நின்றது லேட்டு.

உலகம்மாள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து கொக்கியைத் தானே போட்டாள், தானே எடுத்தாள்.

"கொக்கியை எடுத்தது ஆரு?" என்றாள்.

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"நட்டை முறுக்குனது ஆருலே?"

அவனை அவள் 'லே' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஏசுவடியான் வழவழத்த அந்தக் கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டான்.

"நான்தான் மதினி. மூடச் சொல்லி ஆபீசர் கத்தினாரு. தீ அடுத்த அறைக்குப் போனா அங்கன குண்டு இருக்கு. கப்பல்ல இருநூறு பேரு. மூடலைன்னா எல்லாரும் போயிருப்போம்."

"அவுக எங்கன நின்னாவ?"

"ஏணியில."

"ஏறி வாற நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றான் ஏசுவடியான். "தலை தெரிஞ்சுது. பயந்துட்டேன் மதினி. சூடு தாங்காம கை வெந்துச்சு, ஆனாலும் முறுக்கிட்டேன்."

குத்தாலிங்கம் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "விடு, தொடாத" என்று உலகம்மாள் அதட்டினாள்.

"தட்டினாவளா?"

"தட்டினான்."

"என்ன சொல்லித் தட்டினாவ?"

"என் பேரைச் சொல்லி. ஏலே ஏசுவடியான், நான்தாம்லே, தொறலேன்னு…"

உலகம்மாளுக்கு அப்போதுதான் ஆவேசம் வந்தது. "பாவி! இந்தக் கைக்கா நான் எண்ணெய் தடவினேன்? அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை ஏசியிருப்பேன், உன் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தியிருப்பேன், ஒரு வருசத்துல ஆத்திரம் தீந்திருக்கும். வாயில்லாத இரும்பைக் காட்டிக் குடுத்துட்டு நீ தப்பிச்சுக்கிட்டியே! என் வயசெல்லாம் அதை வைஞ்சே போச்சேலே! போ, என் முகத்துல முழிக்காத."

அவன் போனான். அடியோ உதையோ கிடைத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று பிற்பாடு குத்தாலிங்கம் சொன்னான்.

மறுநாள் காலையில் ஏசுவடியான் மனைவி ஜெபமலர் பஸ் பிடித்து வந்து கடை வாசலில் நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"யக்கா, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுக செத்துப்போயிருவாவ போலிருக்கு. நேத்து மட்டுமில்ல, கல்யாணம் ஆன நாள்லேருந்தே பாக்கேன். வீட்டுல ஆரும் கதவைத் தட்டக் கூடாது. தட்டினா வேர்த்து விறுவிறுத்துப் போவாவ. காதைப் பொத்திக்கிட்டு, தொறக்கேன்லே, தொறக்கேன்லேன்னு கத்துவாவ. எதுக்குன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது."

உலகம்மாள் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. "கத்துதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா."

"இப்பவும் கேக்குதா அவனுக்கு?"

"கேக்குதுங்காவ."

"சரி, நீ போ தாயி. உன்மேல எனக்குக் கோவம் இல்ல. உன் தாலி கெட்டியா இருக்கும்" என்று அனுப்பிவைத்தாள். ஜெபமலர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை உலகம்மாள் கடையைப் பூட்டினாள். தலைக்குக் குளித்து, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு, பண்பொழிக்குப் போய்த் திருமலைக் குமாரசாமி கோயில் படியெல்லாம் மூச்சு வாங்க ஏறினாள். அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"ஆர் பேருக்கு?" என்றார் அர்ச்சகர்.

"ஏசுவடியான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. நூறு வயசு இருக்கணும் அவன். நோய் நொடி அண்டக் கூடாது" என்றாள் உலகம்மாள். "காது நல்லாக் கேக்கணும்."