எட்டாவது மூடி

முதுகலை முடித்து இரண்டு வருடமாகியும் அவளுக்கு வேலை கிடைத்தபாடில்லை. படித்தது சுற்றுச்சூழல் அறிவியல். போன இடத்திலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்னம்மா, உலகத்தக் காப்பாத்தியாச்சா?" என்பார். சிரித்து வைப்பாள்.

ஒருவழியாக, தொழிற்சாலைகளுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. நான்காம் நாள், பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பியவளை மேலாளர் நிறுத்தினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"சாம்பிள் எடுக்க, சார்."

"ஆறு எங்க ஓடிடப்போகுது? போன வருஷ நம்பரையே கொஞ்சம் முன்னப்பின்ன மாத்திப் போடு. சாயங்காலம் ரிப்போர்ட் போயாகணும்."

போட்டுக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து போகவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாராவது தப்பாப் பேசினாங்களா?"

"தப்பு செய்யச் சொன்னாங்கப்பா."

செய்துவிட்டுத்தான் வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்து ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது, ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஒரு வருட ஒப்பந்த வேலை. அம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு படிச்சே?" முதல் வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. பிறகு மூக்கு பழகிவிட்டது, உடம்புதான் பழகவில்லை. தினமும் பன்னிரண்டு தொட்டி ஏறி இறங்கி, பாட்டிலில் பிடித்து, நுண்ணோக்கியில் பார்த்து, எழுதி வைக்கவேண்டும். தொட்டிகளில் அழுக்கைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அங்கே உண்மையில் வேலை பார்ப்பவை. மற்றவர்கள் அவற்றுக்குக் காற்று அடித்துக் கொடுப்பவர்கள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, மூன்றாம் தொட்டியில் பழுப்பு நுரை பொங்கி நின்றது. நுண்ணோக்கியில் ஓர் அசைவில்லை. எல்லாம் செத்துக் கிடந்தன. ஓடிப்போய்ப் பொறியாளரிடம் சொன்னாள்.

"வெயிலா இருக்கும்," என்றார் அந்த அம்மாள், தலை நிமிராமல்.

"இல்ல மேடம், யாரோ அமிலம் விடறாங்க. வர்ற தண்ணியச் சோதிச்சுட்டேன்."

இப்போது நிமிர்ந்தார். "எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடி. மோட்டார் அண்ணனக் கூட்டிட்டுப் போ."

பம்புகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் அது. அவர் கடப்பாரையால் சாக்கடை மூடிகளை நெம்பித் தூக்க, அவள் கயிற்றில் வாளி இறக்கி, அமிலம் பட்டால் சிவக்கும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். தாள் சிவந்த பக்கமாகத் தெருத் தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கதவுகிட்டயா திறப்பீங்க?" என்று சத்தம் போட்டார். "உங்க வீட்டுதுதான் சார், அடையாளம் தெரியலையா?" என்றார் அண்ணன். காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

எட்டாவது மூடியில் தாள் ரத்தச் சிவப்பானது. எதிரே முலாம் பூசும் பட்டறை. அதன் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் நேராகச் சாக்கடைக்குள் இறங்கியிருந்தது.

அறிக்கையில் எண்களை அவளே எழுதினாள், ஒரு புள்ளிகூட மாற்றாமல். அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டினார்கள். மூன்று வாரத்தில் அது மறுபடி திறந்தது. பின்பக்கக் குழாய் மட்டும் அடைபட்டிருந்தது. தொட்டியில் உயிர் திரும்பப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அதுவரை விடுப்பில்லாமல் போய்வந்தாள். பன்னிரண்டாம் நாள் நுண்ணோக்கியில் ஒன்றே ஒன்று நெளிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இவ்வளவுதானா?" என்றார் அவர், ஆனால் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

வருடம் முடிந்தபோது ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள். நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா கேட்டாள்: "உண்மையச் சொல்லு, இந்த வேல உனக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் சாய்ந்தாள். "கால் வலிக்குதும்மா," என்றாள். குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காலையில ஆறு மணிக்கு எழுப்பி விட்டுடு," என்றாள்.