முழங்காலுக்குக் கீழே

இரண்டாயிரத்து ஒன்பதில், வெளிநாட்டில், கிங்ஸ்பரியில் மகள் வீட்டில் இருந்தபோது, என் கால்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. வலக்காலில் இருபத்துமூன்று, இடக்காலில் முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்திதான் டாக்டர். ஒரு புள்ளியை விரலால் அழுத்தினாள். அதன் சிவப்பு மறையவில்லை.

“சின்ன ரத்தக்குழாயளில அழற்சி, அங்கிள். மருந்திருக்கு. யோசியாதேங்கோ.”

“இது மூளைக்கும் போகுமோ, பிள்ளை?”

“சரியான ரேர். போனால் ஸ்ட்ரோக் வரலாம். ஏன் கேக்கிறியள்?”

சும்மா கேட்டேன் என்றேன். அது பொய். என் அக்காவை நினைத்துத்தான் கேட்டேன்.

அவளுக்கு நோய் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். அக்காவின் காலில் இதே புள்ளிகளைக் கண்ட அம்மா, அம்மாள் வந்துவிட்டாள் என்று கும்பிட்டார். அம்மாள் வந்த வீட்டில் மருந்து கூடாது. டாக்டரைக் கூப்பிடுவது அவளை அவமதிப்பது. வாசலில் வேப்பிலை கட்டி, அக்காவை உள்ளறையில் படுக்கவைத்தார்கள். எனக்கு அம்மை முன்பே வந்து போயிருந்தது. அதனால் தினமும் காலையில் உள்ளே போய்ப் புள்ளிகளை எண்ணிவந்து சொல்வது என் வேலையாயிற்று. மூன்று நாள் குறைந்துகொண்டே வந்தால் அக்காவுக்குத் தலைக்கு வார்ப்பார்கள்.

எனக்கு வந்த அம்மை உடம்பெங்கும் நீர்க் கொப்புளமாகப் போட்டது. அக்காவின் புள்ளிகள் எல்லாம் முழங்காலுக்குக் கீழே. ஒன்றில்கூட நீரில்லை. எத்தனை என்று அம்மா கேட்டார். எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை.

“டேய், குறைச்சுச் சொல்லடா” என்றாள்.

“பொய் சொன்னால் அம்மாள் கண்ணைக் குத்துவா.”

“உன்ரை பூனைக்கண்ணை ஆர் குத்தப்போகினம்? போடா.” பிறகு வலக்கையை உதறிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “இந்தக் கை விறைச்சுக் கிடக்கு. பேனை நிக்குதில்லை. அதையும் சொல்லிப்போடாதை. சோதனைக்கு விடமாட்டினம்.”

“இண்டைக்கு எத்தினை, ராசா?” என்று அம்மா கேட்டபோது, நாற்பத்தெட்டை நாற்பது என்றேன். மறுநாள் அறுபதை இருபத்தைந்து என்றேன். மூன்றாம் நாள் ஒன்பது என்றேன். அன்று இருந்தவை எழுபத்திரண்டு. கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் நாள் கிணற்றடியில் தலைக்கு வார்த்தார்கள். அதன்பின் அக்கா பதினான்கு வருடம் இருந்தாள். வலக்கை மடியிலேயே கிடந்தது. போன பேச்சில் திரும்பி வந்த சொற்கள் நான்கு. அம்மாள் இறங்குமுன் தண்ணீர் வார்த்ததால் வந்த கோபம் என்று அம்மா தன்னையே நொந்துகொண்டு செத்தார். என் கணக்கு பொய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எந்த டாக்டராலும் இதை நிறுத்தியிருக்க முடியாது என்று இப்போது சிலர் சொல்லலாம். இருக்கலாம். ஒரு டாக்டரைக் கூப்பிட நான்கு நாள் இருந்தது.

கிணற்றடியில் நடந்தது இவ்வளவுதான். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் அம்மா இரண்டு செம்பு வார்த்தார். மூன்றாவதை மொள்ளக் குனிந்தார். அப்போது அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவள் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. சண்டை பிடிக்கும்போது எனக்கு வாயைக் கோணிக் காட்டுவது அவள் பழக்கம். தலைக்கு வார்த்தாயிற்று, சோதனைக்குப் போகப்போகிறாள், அந்தச் சந்தோஷத்தில் என்னைப் பழித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் வாயைக் கோணிக் காட்டினேன். அவள் தன் வாயை நேராக்கவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, இன்னும் நன்றாகக் கோணிக் காட்டினேன்.