செவ்வாயில் பிறந்தவளுக்கு எது தோஷம்?

"செவ்வாய் கெரகத்துலயே ஒருத்தி பொறந்தா அவளுக்கு எது அண்ணாச்சி தோஷம்?" என்று அக்கா கேட்டபோது, போர்ட் பிளேர் ஷாதிபூர் கடை அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு அப்படியே நின்றது. மளிகைதான் அவருக்குத் தொழில்; ஆனால் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதியவரும் அவரே. மெயின்லேண்டிலிருந்து வருஷா வருஷம் கப்பலில் வரும் பஞ்சாங்கம் கல்லாப்பெட்டி மேலேயே இருக்கும்.

அக்கா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஏழில் செவ்வாய் என்று அவர் எழுதியிருந்ததால் பக்கத்து ஊரான சௌல்தாரி வரன் தட்டிப்போகும் நிலையில் இருந்தது. பாக்குத் தோட்டம் வைத்திருந்த அந்த மனிதரை அக்காவுக்குப் பிடித்திருந்தது. தன் தாயார் தடுத்தும் அவர் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். அக்காவின் கோபமெல்லாம் கிண்டலாகத்தான் வெளியே வரும்.

அண்ணாச்சிக்கு இப்படிப்பட்ட கேள்வி கிடைத்தால் வியாபாரமே மறந்துவிடும். அங்கே பிறந்தவளுக்குச் செவ்வாய் காலடியில் கிடக்கும், கட்டத்துக்குள் வராது, அந்த இடத்தில் பூமியைத்தான் போட வேண்டும் என்றார்.

"அச்சா! அப்ப நான் இங்க சும்மா நின்னே அங்க ஒருத்தி கல்யாணத்தக் கெடுக்கறேன்" என்றாள் அக்கா.

அங்கே இரண்டு நிலா உண்டே, எது நிற்கும் நட்சத்திரம் ஜென்ம நட்சத்திரம் என்று நான் கேட்டேன். அது பஞ்சாங்கத்திலேயே இல்லை என்று சொல்லிப் பருப்பைப் பொட்டலம் கட்டினார். "ஆனா ஒண்ணு மாறாது தம்பி. எந்தக் கெரகம்னாலும் பொறந்த எடத்துல சூரியன் எப்ப உதிக்கோ, அதுலேருந்து எண்ணணும். வேற ஊரு உதயத்த வச்சா லக்கினமே பெசகிரும்லா."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பஞ்சாங்கத்தில் இருந்தது மெயின்லேண்ட் உதயம். எங்களுக்கோ அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே விடிந்துவிடும். செவ்வாயில் பிறப்பவளுக்கு இவ்வளவு யோசித்த மகானுபாவர், போர்ட் பிளேரில் பிறந்தவளுக்கு யோசிக்கவில்லை. ஜாதகக் கணக்கு எனக்கும் அரைகுறையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். லக்னம் ஒரு கட்டம் தள்ளியது. செவ்வாய் ஆறாமிடத்துக்குப் போனது. தோஷமே இல்லை.

நான் சொல்லவில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். எனக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்து, கப்பல் டிக்கெட்டும் வந்திருந்தது. அக்கா போய்விட்டால் அம்மாவோடு இருக்க வேண்டியவன் நான். அடுத்த வாரம் சௌல்தாரிக்காரர் மூன்றாம் முறையாக வந்து, ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அப்போதும் அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். படிப்பு முடிந்து நான் திரும்புவதற்குள் அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அக்காவுக்கு அப்புறம் எதுவும் அமையவில்லை. இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

சென்ற மாதம் என் பேத்திக்கு ஜாதகம் பார்க்க, போனில் பிறந்த ஊரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடதும் போடுடா, சும்மா பாப்போம்."

போனைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"அவரு கடைசியா வந்தப்ப நீதான டீ கொண்டாந்து குடுத்த?"

"ஆமாக்கா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போதும் எனக்குச் சோறு வேளைக்கு வருகிறது, அவள்தான் போடுகிறாள். போதுமா என்று மட்டும் கேட்பதில்லை.