உருண்டைக்கு அளவெடுத்தவள்

“அஞ்சே அஞ்சு மணி நேரம்டி! பக்கத்து ஊருக்குப் பஸ்ல போற நேரம். அதுக்குள்ள வந்து அப்பன் மூஞ்சியப் பார்க்க முடியலையா உனக்கு?”

கணவரை அடக்கம் செய்த மறுநாள், பெட்டியோடு வந்து நின்ற மகளிடம் தையல்காரி இப்படித்தான் கத்தினாள். மகள் முதன்முதலாக வெளிநாட்டுக்கு விமானம் ஏறியபோது சீட்டை இவளே பார்த்திருக்கிறாள்: காலை பத்துக்குக் கிளம்பி, அதே நாள் மதியம் மூன்றுக்குப் போய் இறங்குவது. “அங்க நேரமே வேறம்மா” என்று மகள் அழுதாள். “நேரம் என்ன துணியா, ஊருக்கு ஊர் வெட்டித் தைக்க?” என்றாள் இவள். வந்த பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது. எட்டு மாதம் பேச்சில்லை.

நாக்கையும் கத்தரியையும் ஒரே கல்லில் தீட்டியவள் அவள். வாயில் நாலு குண்டூசி இருந்தாலும் திட்டு மட்டும் சுத்தமாக வரும். அளவெடுக்க நிற்பவர் வயிற்றை எக்கினால், “மூச்ச விடு. சட்டையப் போட்டுக்கிட்டுச் சாப்பிடவும் வேணும்ல” என்பாள். ஒருத்தி பழைய சட்டையை மேசையில் விரித்து இதுதான் அளவு என்றபோது விரட்டியே விட்டாள்: “தட்டையா விரிச்சா வளைவு எப்படித் தெரியும்? உடம்ப எடுத்துட்டு வா.”

ஒரு மத்தியானம் விமானப் பணிப்பெண் ஒருத்தி சீருடைக் கோட்டின் கையைக் குறைக்க வந்தாள். மகள் இருக்கும் ஊருக்குத்தான் அடிக்கடி பறக்கிறவளாம். இவள் விடுவாளா?

“அஞ்சு மணி நேரந்தானே?”

“யாரு சொன்னாங்கக்கா? பதினாலரை! பன்னெண்டாயிரம் கிலோமீட்டர். போறப்ப சூரியன் கூடவே ஓடுவோம். கீழ பூரா பனி, ஜன்னல்ல அதே வெயில். பகல் முடியவே முடியாது. அதான் கடிகாரத்துல அஞ்சு மணிதான் நகரும். வர்றப்ப எதிர்ல வரணும், ஒரு ராத்திரியத் தாண்டி.”

“பனி ஏது? மேப்புல நடுவுல கடல்தானே இருக்கு?”

“உலக உருண்டை மேல நாடாவ வச்சுப் பாருங்கக்கா.”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஓர் உலக உருண்டை வெட்டுமேசைக்கு வந்துவிட்டது. அளவு நாடாவின் ஒரு நுனியைத் தன் ஊரிலும் மறு நுனியை மகள் ஊரிலும் வைத்து இழுத்தாள். நாடா கடலில் நிற்கவில்லை. தானாக நழுவி மேலேறி, உச்சியின் வெள்ளைமேல் போய்ப் படிந்தது. ஜன்னல் வெயில் உருண்டையின் பாதியில் கிடந்தது. மறு பாதியில் மகள் ஊர் நிழலில் இருந்தது. தையல் மிஷின் வெகுநேரம் ஓடவில்லை.

“தட்டையா விரிச்சு அளந்துட்டேனே” என்று முனகியபடி போனை எடுத்தாள்.

“அடியே, அத்தனை மணி நேரமும் தனியாவா உட்கார்ந்து வந்த?”

“ஜன்னல் சீட்டும்மா. வெளிய ஒரே இருட்டு. அப்பா இருக்காரா, போயிட்டாரான்னு கேக்கக்கூட ஆளில்ல.”

“சொல்லு. மெதுவாச் சொல்லு.”

மகள் பேசி முடிக்கும்வரை இவள் விரல் நாடாவின் மேல், அங்கிருந்து இங்கே, பனியைத் தாண்டி மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நூலுக்கும் பொத்தானுக்கும்கூட மல்லுக்கு நிற்கிறவள் அந்த உருண்டையைச் சொன்ன விலைக்கே வாங்கியிருந்தாள்: ஐந்து சட்டைத் தையல்கூலி.