நாலு தசமதானத்தில் பிடித்த சிகரம்

சீற்றா (zeta) என்ற கணிதச் சார்பில் பெரிய சிகரம் ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று துறை முழுவதற்கும் தின்ன ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இத்தனை காலம் கணிதம் படிப்பித்ததற்கு ஏதாவது மிஞ்ச வேண்டாமா? ஒட்டுசுட்டான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கும் சொன்னேன். அவர் தன் வயலுக்குள் யானை இறங்கிய கதையைச் சொன்னார்.

விஷயம் இதுதான். ஒன்று, இரண்டு, மூன்று என ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அம்பு. t என்ற எண் கூடக் கூட அம்புகள் சுழலும். ஒவ்வொன்றின் வேகமும் அதன் எண்ணின் மடக்கை. எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலும் ஒன்றையொன்று வெட்டிச் சிறிய விடையே வரும். எப்போதாவது பல அம்புகள் ஒரே பக்கம் திரும்பினால் விடை எகிறும். அந்த எகிறலைத் தேடுவது என் வேலை. ஒரு t-யில், என் கணினியில் நான் எடுத்த முதல் நூறு அம்புகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

தற்காலிக விரிவுரையாளர் ஜெனிஸ்ரா, நாயாறு ஊர்ப் பிள்ளை, அதே t-யில் விடையைத் தானும் கணித்தார்.

"சேர், எனக்குச் சின்ன விடைதான் வருது. ரெண்டு தரம் செய்து பாத்தனான்."

"மூண்டாம் தரமும் செய்து பாரும். கவனம் காணாது உமக்கு."

அதோடு விட்டேனா? அவருடைய பதவி நீடிப்பு அறிக்கையிலும் 'கணிப்பில் கவனக்குறைவு' என்று எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். நீடிப்பு இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முடிவெடுக்கும் கூட்டம் வியாழன் பத்தரைக்கு. பத்து மணிக்கு ஜெனிஸ்ரா வந்தார்.

"கோவிக்காதேங்கோ சேர். உங்கட t-யை 2π-யால வகுத்துப் பாத்தனீங்களோ?"

ஒரு முழுச் சுற்றின் அளவு அது. வகுத்தேன். சரியாகப் பத்தாயிரம்.

"வடிவான எண்தானே?"

"வடிவு கூடிப்போச்சு சேர். மடக்கையளை எத்தினை தானத்துக்கு எடுத்தனீங்கள்?"

நாலு. மடக்கை அட்டவணைப் புத்தகத்தோடு வளர்ந்தவன் நான், அதில் நாலு தசமதானம்தான். நாலு தானத்தோடு வெட்டிய எதையும் பத்தாயிரத்தால் பெருக்கினால் முழு எண். ஆகவே ஒவ்வோர் அம்பும் முழுச் சுற்றுகளை முடித்துப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். நூறையும் ஒரே பக்கம் திருப்பியது சீற்றா அல்ல, நான்.

"ஐயோ, இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"மூண்டாம் தரமும் செய்யச் சொன்னீங்கள். செய்யேக்கைதான் பிடிபட்டது."

தலைவரின் அறைக்கு ஓடினேன். இந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்வதும் மிகைதான்.

"என்ன சேர், இப்பிடி இளைக்கிறீங்கள்?"

"ஜெனிஸ்ராவின்ர அறிக்கையைத் தாங்கோ மிஸ். அதில ஒரு பிழை."

"என்ன பிழை?"

"பெயர் பிழை. கவனக்குறைவு எண்டதுக்கு என்ர பெயரைப் போடவேணும்."

அவர் சிரித்தார். "அப்ப அந்த ரோல்ஸ்?"

அங்கேயே நின்று புதிதாக எழுதினேன். என் பிழையை ஜெனிஸ்ரா எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை ஒன்றும் விடாமல் எழுதினேன். வெட்கத்தில் காது சுட்டது. ஜெனிஸ்ராவுக்கு நீடிப்புக் கிடைத்தது.

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை," என்றேன் பின்னேரம்.

"பரவாயில்லை சேர். நாலு தானத்துக்குச் சரிதானே."

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். விடை எகிறினால் முதலில் உங்கள் மேசையைச் சோதியுங்கள். பக்கத்து மேசைக்காரரைப் பற்றி அறிக்கை எழுதுவது அதற்குப் பிறகு.