மறுத்த மாற்றல்கள்

பெரிய ஆளாக வேண்டும் என்று கிளம்பி, ஒருத்தியின்மேல் பித்தாகி அழிந்துபோகும் ஆண்கள் நாவல்களில் நிறைய உண்டு. அவர்களைப் பற்றி மாதுங்காவில், ஞாயிறு மாலை வாசகர் கூட்டத்தில், பலமுறை பேசியிருக்கிறேன். அந்த வீழ்ச்சியில் ஒரு கம்பீரம் இருப்பதாகச் சொல்வேன். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். ஒருமுறை திலக் நகருக்குத் திரும்பும்போது கேட்டாள்: "அவ்வளவு படிச்சவாளுக்கு இப்படியா புத்தி கெட்டுப் போகும்? அவாளுக்காக உங்களுக்குத் தொண்டை வேற அடைக்கிறது!"

நடையை எட்டிப் போட்டேன்.

வங்கியில் சீக்கிரம் மேலே போய்விட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அங்கே பதவி உயர்வோடு வெளியூர் மாற்றலும் சேர்ந்தே வரும். மாற்றல் வேண்டாமென்றால் உயர்வும் கிடையாது. எனக்கு லக்னோ வந்தபோது, எங்கள் கிளையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். வேலை விஷயம் தவிர என்னிடம் அவள் எதுவும் பேசியதில்லை. ஆனாலும் அவள் ஏறுகிற லோக்கலுக்காகச் செம்பூர் ஸ்டேஷனில் காலி வண்டிகளை விட்டுவிட்டு நிற்பேன். லேடீஸ் டப்பாவின் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, அவள் பின்னந்தலையைப் பார்த்தபடியே போவேன். லக்னோவை மறுத்தேன். அடுத்து வந்த பாட்னாவையும் மறுத்தேன்.

வீட்டில் ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே. மனைவிக்கு வீசிங் உண்டு. அந்த ஊர்க் குளிர் உனக்கு ஆகாது என்றேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு கட்டடம் முழுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கும் புரியும்படி இந்தியில், தன் புருஷனை இடிப்பாள்: "தேகோ, ஆத்மீ ஹோ தோ ஐசா!" ஆண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டுமாம்.

ஒருநாள் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். "சார், எதுக்கு அந்த ட்ரெயின்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். பயமா இருக்கு சார். நான் தாணே கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிட்டேன்" என்றாள். மறு வாரம் போய்விட்டாள். அதன்பிறகு எனக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. என்னிடம் வேலை பழகியவர்கள் எனக்கு அதிகாரிகளானார்கள்.

அந்த நாவல்களில் நாயகன் விழுவதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மனைவிக்கு ஒரு பத்தி. நானும் மேடையில் அந்தப் பத்தியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

இந்த மழைக்காலத்தில் வீசிங் முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மூச்சு வாங்க வாங்க, நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்காக மேனேஜர் உத்தியோகத்தையே வேண்டாம்னுட்டார்." நர்ஸ் நகர்ந்ததும், தாங்க முடியாமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போர்வை நுனியை நீவிக்கொண்டே இருந்தாள்.

"என்னால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்னு நெனச்சு, அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்லை. ஆசையா இருக்கும். வாய மூடிண்டுடுவேன்."

"என்ன கேக்கணும்னு இருந்தது? இப்போ சொல்லேன்."

கண்ணை மூடி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ஞாபகம் வரலையே" என்றாள்.